அறுந்ததா, உருவினதா?

தங்கூசியின் நுனியைக் கையில் வாங்கிய நானா, அதை வெயிலுக்கு நேரே பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

“இது அறுந்ததில்ல தம்பிமார். உருவினது.”

நாங்கள் நாலு பேரும் அரை மணித்தியாலமாக ஒரு பாரையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு பெரிசு, எந்தப் பக்கம் இழுத்தது, றீல் எப்படிக் கத்தியது என்று. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் மீன் அரைக் கிலோ கூடிக்கொண்டே போனது. “தங்கூசியையே அறுத்துப்போட்டுது நானா” என்றுதான் அவரிடமும் சொன்னோம். அவர் சொன்ன ஒரு வசனத்தோடு அந்தப் பாரை பழைய அளவுக்கு வந்துவிட்டது. மீன் எதையும் அறுக்கவில்லை. நாங்கள் கட்டினது கழன்றுபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

அவர் காட்டித் தந்த பிறகுதான் எங்களுக்கும் விளங்கியது. முடிச்சு உருவிப்போனால் நுனி பன்றி வால் மாதிரிச் சுருண்டு நிற்கும். முடிச்சுக்குள் போட்ட சுற்றின் அடையாளம் அது. பாரம் தாங்காமல் அறுந்தால் அந்தச் சுருள் இருக்காது, நுனி சட்டென்று முடிந்திருக்கும். கல்லிலோ சிப்பியிலோ தேய்ந்து அறுந்தால் நுனிக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளை பிடித்துச் சொரசொரவென்றிருக்கும். சீலா கடித்தால் கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி. “மீன் போனா போகட்டும். நுனிய எறியாதீங்க. எப்பிடிப் போனதெண்டு அதுதான் சொல்லும்” என்றார். பாலத்தடியில் கைத்தூண்டில் போடுகிறவர். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்ரோபரில்தான் திறந்தது, 396 மீற்றர். அதற்கு முதல் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் இழுவைப் படகுதான். அந்தப் பாதை போய்வந்த காலத்திலிருந்தே அதே கரையில் நூல் விட்டுக்கொண்டிருக்கிற மனிசன்.

எங்களுடையது கைத்தூண்டில் இல்லை. அதுதான் முதல் சிக்கல்.

எங்களில் ஒருவனுக்கு மச்சான்முறையான ஒருவர் கனடாவிலிருந்து வந்தபோது ஒரு ஃப்ளை ரொட் கொண்டுவந்தார். ஒன்பது அடி, நாலு துண்டு, எட்டாம் நம்பர். இரண்டு நாள் கடலுக்குப் போனார், வெயில் பிடித்துக்கொண்டது. திரும்பிப் போகும்போது பெட்டியில் முருங்கைக்காய்க்கும் கருவாட்டுக்கும் இடம் வேண்டியிருந்ததால் ரொட்டை விட்டுவிட்டுப் போனார். றீலும் அதில் சுற்றியிருந்த தடித்த செம்மஞ்சள் நூலும், உடைக்காத ‘லீடர்’ பக்கற் ஒன்றும் கூட இருந்தன. சீனன்குடாவில் அதைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் போனால் சின்னப் பிள்ளைகள் கேட்கும்: “அண்ணா, ஈ புடிக்கப் போறீங்களா?” ஃப்ளை என்றால் ஈதானே. பதில் சொல்ல ஏலாது.

சாதாரணத் தூண்டிலில் ஈயம் பறக்கும், நூல் அதன் பின்னால் போகும். ஃப்ளை தூண்டிலில் எறிய ஈயம் இல்லை. கொளுவியில் கட்டியிருப்பது சேவலின் கழுத்து இறகும் கொஞ்சம் மினுக்கமும்தான் (எங்களுடையது பழைய கூறைச் சேலையின் சரிகை, அம்மாவுக்குத் தெரியாது). அதற்குப் பாரமே இல்லை. பாரம் முழுக்க நூலில் இருக்கிறது. தடித்த, பிளாஸ்ரிக் தோல் போர்த்த நூல். ரொட்டை முன்னும் பின்னும் ஆட்டி அந்த நூலைத்தான் எறிகிறோம், இறகு கூடப் போகிறது. ஆனால் அவ்வளவு தடித்த நூல் மீனின் தலைக்கு மேல் தொப்பென்று விழுந்தால் எந்த மீன் நிற்கும்? அதனால் தடித்த நூலுக்கும் இறகுக்கும் நடுவில், படிப்படியாக மெலிந்துகொண்டு போகும் ஒரு தங்கூசி வேண்டும். அதுதான் லீடர். அதன் கடைசி, ஆகமெல்லிய துண்டுக்குப் பெயர் டிப்பெற். மாட்டுவண்டிச் சாட்டையை நினைத்துப் பாருங்கள். அடி தடிப்பு, நுனி மெல்லிசு. அடியில் கொடுத்த வீச்சு குறையாமல் நுனிவரை போகவேண்டுமென்றால் மெலிவு திடீரென்று வரக்கூடாது.

கடையில் வாங்கும் லீடர் ஒரே துண்டாக, முடிச்சில்லாமல் மெலிந்து வரும். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. இறகை மாற்றி மாற்றிக் கட்டும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் குறையும். இரண்டு கிழமையில் மெல்லிய பகுதி முடிந்துவிட்டது. புதுசு எடுப்பிப்போமா என்று யோசித்த வருசம் 2022. இறக்குமதிக் கட்டுப்பாடு, டொலர் பிரச்சினை. கடலுக்குப் போகிறவர்களே மண்ணெண்ணெய்க்குக் கலனோடு வரிசையில் நின்ற காலம். அந்த நேரத்தில் கனடாவுக்கு அடித்து “மச்சான், தூண்டில் நூல் அனுப்புங்கோ” என்று கேட்க வெட்கமாக இருந்தது. கடைத்தெருவில் தங்கூசி இருந்தது. தங்கூசி வலைக்குத்தான் இந்த நாட்டில் தடை, தூண்டில் நூலுக்கு இல்லை. எனவே நாங்களே கட்டலாம் என்று இறங்கினோம்.

கட்டினதென்றால், தடித்த 0.60 மில்லிமீற்றர் தங்கூசியில் நேரே 0.25ஐச் சேர்த்து, சப்பாத்து நாடாவுக்குப் போடுவதுபோல மூன்று நாலு முடிச்சு. இன்னும் பலமாக இருக்கட்டுமென்று மேலால் இரண்டு குருட்டு முடிச்சு. அதைத்தான் பாரை உருவிக்கொண்டு போனது.

தங்கூசியில் முடிச்சுப் போடுவது கயிற்றில் போடுவது மாதிரி இல்லை. கயிற்றுக்குச் சொரசொரப்பு இருக்கிறது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தங்கூசி வழுக்கும். அதில் முடிச்சு நிற்பதென்றால் சுற்றுகள் ஒன்றையொன்று எல்லாப் பக்கமும் சமமாக நெரித்தால்தான். ஒரு சுற்று மற்றதுக்கு மேல் குறுக்கே ஏறிவிட்டால் அந்த இடத்தில் தங்கூசி தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். காற்றில் நூல் சிக்கித் தானாக விழுகிற ஒரு சின்ன முடிச்சுக்கூட தங்கூசியின் பலத்தைப் பாதிவரைக்கும் குறைத்துவிடலாம். நாங்கள் போட்ட குருட்டு முடிச்சு பலத்தைக் கூட்டவில்லை, குறைத்திருக்கிறது.

இந்த வேலைக்கு உலகம் முழுக்கப் பிரதானமாக இரண்டு முடிச்சுதான். ஆங்கிலத்தில் ப்ளட் நொட் என்பது ஒன்று. பரல் நொட் என்றும் சொல்வார்கள், நாங்கள் அதைப் பீப்பாய் முடிச்சு ஆக்கிவிட்டோம். பார்க்கவும் சின்னப் பீப்பாய் மாதிரித்தான். இரண்டு நுனிகளையும் எதிரெதிராக ஒரு சாண் மேலேற்றி வைத்து, ஒன்றை மற்றதில் ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியை நடுவுக்குக் கொண்டுவந்து இரண்டுக்கும் இடையால் விடவேண்டும். மற்ற நுனியையும் அதே மாதிரிச் சுற்றி, அதே நடு ஓட்டையால், ஆனால் எதிர்ப்பக்கமாக விடவேண்டும். இரண்டு நுனியும் ஒரே பக்கம் வந்தால் எல்லாம் வீண். இதை முதலில் பழகினது தங்கூசியில் இல்லை. ஒரு சிவப்புச் சப்பாத்து நாடாவிலும் ஒரு வெள்ளைச் சப்பாத்து நாடாவிலும். கரண்ட் இல்லாத இரவுகள் நிறைய இருந்த வருசம் அது. மெழுகுதிரி வெளிச்சத்தில் நாலு தடியன்கள் சப்பாத்து நாடாவோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து அம்மம்மா, “பூமாலை கட்டப் பழகுறாங்கள்” என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டா.

மற்றது சேர்ஜன்ஸ் நொட். எங்கள் பாஷையில் டொக்டர் முடிச்சு. இது லேசு. இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு வளையம் போட்டு, நுனியையும் டிப்பெற் முழுவதையும் ஒன்றாக அந்த வளையத்துக்குள்ளால் இரண்டு தடவை, மெல்லிசென்றால் மூன்று தடவை, எடுத்து, நாலு முனையையும் ஒரே நேரத்தில் இழுப்பது. இருட்டிலும் கட்டலாம், கை நடுங்கினாலும் கட்டலாம். பீப்பாய் மாதிரி நேர்க்கோட்டில் நிற்காது, கொஞ்சம் கோணும். ஆனால் தடிப்பு வித்தியாசம் கூடின இரண்டு நூலைச் சேர்க்க இதுதான் சரி. பீப்பாய் முடிச்சு கிட்டத்தட்ட ஒரே தடிப்பான நூல்களுக்கு. ஒரு முடிச்சில் 0.05 மில்லிமீற்றருக்கு மேல் இறங்காதே என்பது புத்தகச் சட்டம். எங்கள் கடையில் 0.60க்கு அடுத்தது 0.50. புத்தகம் எழுதினவருக்குச் சீனன்குடாக் கடை தெரியாது, நாங்கள் என்ன செய்ய.

இந்த நூல் தடிப்புக் கணக்குக்கு ஒரு பழைய கதை உண்டு. டிப்பெற் சுருளில் 4எக்ஸ், 5எக்ஸ் என்று போட்டிருக்கும். எக்ஸ் கூடக் கூட நூல் மெலியும். 11இலிருந்து எக்ஸைக் கழித்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வரும். 4எக்ஸ் என்றால் 0.007 அங்குலம். நைலோன் வரமுதல் லீடர் செய்தது பட்டுப்புழுவிலிருந்து. பட்டு நூற்கும் சுரப்பியைப் புழுவுக்குள்ளிருந்து எடுத்து இழுத்து நீட்டி, ஸ்பெயினின் முர்சியாப் பக்கம் பெரிய தொழிலாக நடந்தது. அந்த இழையை ஒரு தகட்டு ஓட்டையால் இழுத்து மெல்லிசாக்குவார்கள். எத்தனை தரம் இழுபட்டது என்ற கணக்கில் வந்ததுதான் எக்ஸ். காய்ந்தபடி முடிச்சுப் போட்டால் முறிந்துபோகும், நல்லாக ஊறவைத்துத்தான் கட்டவேண்டும். 1930களின் கடைசியில் டுபொன்ட் கொம்பனியின் நைலோன் வந்து எல்லாவற்றையும் மாற்றியது. 1971இல் ஜப்பானின் குரேஹா ஃப்ளோரோகாபன் நூலைக் கொண்டுவந்தது. அது தண்ணிக்குள் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும், கெதியாய்த் தாழும். ஆனால் விறைப்பு, முடிச்சுக்கு அடங்காது.

இந்த நாட்டில் ஃப்ளை தூண்டில் என்றால் நுவரெலியா, ஹோட்டன் சமவெளிதான். வெள்ளைக்காரர் 1880களில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து அங்கத்தைய குளிர் ஆறுகளில் விட்டார்கள். சீனன்குடாவில் அவர்கள் விட்டுப்போனவை எண்ணெய்த் தாங்கிகளும் ஓடுபாதையும். இங்கே யாரும் ஃப்ளை எறிந்ததாக எங்கள் ஊர்க் கிழவர்கள் ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஆக, எங்களுக்குச் சொல்லித்தரக் கரையில் இருந்தது கைத்தூண்டில்கார நானா மட்டும்தான். ஃப்ளை ரொட்டைப் பார்த்து அவர் சிரித்தாலும், முடிச்சைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அவர் திருத்தின முதல் விசயம், காய்ந்த முடிச்சை இறுக்குவது. “சூடாகும், மகன்” என்றார். உண்மைதான். தங்கூசி தன்மேல் தானே உரசி இறுகும்போது அந்த நொடிச் சூட்டில் மேல்தோல் கருகி வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, இழுக்கும்போது தெரியும். இறுக்கமுதல் முடிச்சை வாயில் வைத்து நனைத்து, ஒரே சீராக, மெதுவாக இழுக்கவேண்டும். வெடுக்கென்று இழுக்கக்கூடாது. நானா வெத்திலை போடுகிறவர் என்பதால் அவர் நனைத்த முடிச்சு ரோஸ் நிறத்தில் இருக்கும். நோன்பு மாதத்தில் வாயில் வைக்கமாட்டார், குனிந்து கடல் தண்ணியில் தோய்ப்பார். அதுவும் நல்லாகத்தான் இறுகும்.

எந்த முடிச்சு நல்லதென்று சண்டை வந்தால் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒரே நூலை நடுவில் வெட்டி ஒருவன் பீப்பாய் போட, இரண்டு சாண் தள்ளி இன்னொரு இடத்தில் மற்றவன் டொக்டர் முடிச்சுப் போடுவான். இரண்டு முனையையும் துணியால் கையில் சுற்றிக்கொண்டு இழுப்போம். எது முதலில் விடுகிறதோ அது தோற்றது. (துணி சுற்றாமல் இழுத்து ஒருவனுக்கு உள்ளங்கை கிழிந்தது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.) முடிச்சைவிடக் கட்டின கைதான் வென்றது என்பது எங்கள் அனுபவம். எங்களில் ஒருவன், பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமும் ஒழுங்காகப் பாஸ் பண்ணாதவன், அவன் கட்டினது ஒருநாளும் முதலில் விடவில்லை. பிறகு லீடர் கட்டும் பொறுப்பு முழுவதும் அவனுக்கே போனது.

அளவுக்கு நாங்கள் பிடித்தது சார்ல்ஸ் ரிட்ஸின் கணக்கு. பாரிஸ் ரிட்ஸ் ஹோட்டல் குடும்பத்து ஆள், தூண்டில் பைத்தியம். முழு நீளத்தில் 60 வீதம் தடித்த அடி, 20 வீதம் இறங்கும் படிகள், 20 வீதம் டிப்பெற். ஒன்பது அடி லீடரென்றால் அடி ஐந்தரை அடி, மிச்சம் இரண்டும் ஒன்றேமுக்கால் ஒன்றேமுக்கால். 0.60, 0.50, 0.40, 0.35, 0.30 என்று இறக்கினோம். கட்டி முடித்து எறிந்தபோது இறகு முதன்முதலாகச் சத்தமில்லாமல் தண்ணியில் இருந்தது. சொல்லித் தீராத சந்தோசம். அந்தக் கிழமை இரண்டு கட்டாவும் ஒரு செப்பலியும்.

அதோடு நின்றிருக்கலாம்.

செப்பலி வேருக்குள் ஓடி டிப்பெற்றை அறுக்கும். அறுக்கும்போதெல்லாம் ஒரு இறகு போகும், ஒரு கொளுவி போகும். ஒரு இறகு கட்ட ஒரு பின்னேரம் செலவு, நல்ல கொளுவி கிடைப்பதும் கஷ்டம். எங்களுக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு நல்லாய் முடிச்சுப் போடப் பழகிவிட்டோமே, இனி எதற்கு 0.30? டிப்பெற்றை 0.40 ஆக்கினோம். 0.40 தங்கூசி 20 இறாத்தலுக்கு மேல் தாங்கும். இனி எதுவும் அறாது என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம்.

தம்பலகாமக் குடாப் பக்கத்துக் கண்டல் ஓரத்தில் ஒரு பின்னேரம் பாரை ஒன்று அடித்தது. இந்தத் தடவை உண்மையாகவே பெரிசு. நேரே வேர்களுக்குள் போனது. ரொட்டை வளைத்து நிறுத்தப் பார்த்தோம். திடீரென்று பாரம் இல்லை. நூலைச் சுற்றி எடுத்தால் செம்மஞ்சள் நூலின் நுனியில் ஒன்றுமே இல்லை. லீடர் முழுக்கப் போயிருந்தது. நுனியில் தோல் உரிந்து உள்நூல் வெள்ளையாகத் தெரிந்தது. செம்மஞ்சள் நூலில் லீடரைச் சேர்க்கும் முடிச்சுக்கு ஆணி முடிச்சென்று பெயர். ஒரு ஆணியையோ பேனைக் குழாயையோ பக்கத்தில் வைத்துச் சுற்றிக் கட்டுவது. அது உருவவும் இல்லை, அறவும் இல்லை. நூலின் தோலோடு சேர்ந்து காலுறை கழன்ற மாதிரிக் கழன்றுவிட்டது.

மூன்றாம் நாள் அதே இடத்துக்குப் போனோம். நாற்றம்தான் முதலில் காட்டித் தந்தது. பாரை வேருக்குள் கிடந்தது, பாதியை நண்டு தின்றுவிட்டது. வாயோரத்தில் எங்கள் சரிகை இறகு. அங்கிருந்து 0.40, 0.50, 0.60 என்று வேர்களைச் சுற்றி மூன்று நாலு கட்டு. மீன் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அரை அடிக்கு மேல் போயிருக்க ஏலாது. மேல் நுனியில் ஆணி முடிச்சும் அதற்குள் செம்மஞ்சள் தோல் ஒரு அங்குலமும். நாங்கள் போட்ட ஒரு முடிச்சும் கழரவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவன் கட்டின பீப்பாய்கள் புதுசு மாதிரி இருந்தன. அவன் ஒன்றும் பேசாமல் கத்தியால் தங்கூசியை வெட்டி வெட்டி, ஒரு துண்டுகூட விடாமல், வேரிலிருந்து பிரித்து எடுத்து, பொக்கற்றில் போட்டுக்கொண்டான்.

சாப்பாட்டுக்கு மீன் பிடிக்கிற ஊரில் ஒரு மீன் செத்ததற்கு அழுவதா என்று யாரும் கேட்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்திருந்தால் நாங்களும் ஒன்றும் நினைத்திருக்கமாட்டோம். இது யாருக்கும் உதவாமல், கட்டிப்போட்டு, மூன்று நாள். ஒரு மாதம் ரொட்டை ஒருவரும் தொடவில்லை.

பாலத்தடியில் நானாவிடம் சொன்னபோது அவர் திட்டுவார் என்று நினைத்தோம். அவர் தன் கைத்தூண்டிலைத் தூக்கிக் காட்டினார். பிரதான நூல் நல்ல தடிப்பு. கீழே ஈயக்குண்டு மட்டும் ஒரு பழைய, மெல்லிய பஞ்சு நூலில் தொங்கியது. உரபாக்கிலிருந்து உருவின நூலாகவும் இருக்கலாம். இத்தனை நாள் அதைப் பார்த்திருக்கிறோம், வறுமை என்று நினைத்திருக்கிறோம். “ஈயம்தானே கல்லுல சிக்கும். சிக்கினா அதுமட்டும் போகோணும். முழுத் தூண்டிலும் போகக்கூடாது” என்றார். பிறகு, “எல்லாத்தையும் பலமாக் கட்டினா எங்க அறுமெண்டு உங்களுக்குத் தெரியாதே” என்றார்.

எங்கள் பிழை முடிச்சில் இருக்கவில்லை. எங்கே விட்டுக்கொடுக்கவேண்டும் என்ற கணக்கில் இருந்தது. டிப்பெற் என்பது இறகுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆகப்பலவீனமான துண்டு. அப்படித்தான் இருக்கவேண்டும். அங்கே அறுந்தால் மீன் ஒரு கொளுவியோடும் ஒரு சாண் நூலோடும் போகும். உயிர்பிழைக்க இடமிருக்கிறது, எங்களுக்கும் ஒரு இறகு மட்டும்தான் நட்டம். மேலே உள்ள ஒவ்வொரு முடிச்சும் நல்லாக இருக்கவேண்டியதன் காரணமும் அதுதான். அவை டிப்பெற்றைவிட முந்தி விடக்கூடாது.

திரும்பக் கட்டினோம். செம்மஞ்சள் நூலின் நுனியை மடித்து, மடிப்பின்மேல் மெல்லிய தங்கூசியால் இரண்டு ஆணி முடிச்சுப் போட்டு ஒரு கண்ணி செய்தோம். தோல் இனிக் கழர வழியில்லை. லீடரின் அடியிலும் ஒரு கண்ணி. கண்ணியும் கண்ணியும் கோர்க்கும்போது இரண்டும் கைகுலுக்குகிற மாதிரிச் சதுரமாக உட்காரவேண்டும். ஒன்று மற்றதன் கழுத்தைச் சுருக்கிப் பிடித்தமாதிரி விழுந்தால் கழற்றித் திரும்பக் கோர்க்கவேண்டும், இல்லாவிட்டால் வெட்டும். டிப்பெற் திரும்பவும் 0.30. ஓரிடத்தில் 0.28கூட. மச்சான் பிறகு அனுப்பின ஒரு சுருள் ஃப்ளோரோகாபனும் இருக்கிறது. அதை நைலோனோடு பீப்பாயில் சேர்த்தால் எங்கள் கைக்கு வழுக்குகிறது. டொக்டர் முடிச்சு, மூன்று தடவை, நல்ல ஈரம். எறியமுதல் ஒவ்வொரு முடிச்சையும் நகத்தால் தடவிப் பார்ப்பதும், வெட்டின துண்டுகளை ஒரு சோடாப் போத்தலுக்குள் போடுவதும் இப்போது பழக்கம். போத்தல் முக்கால்வாசி நிரம்பிவிட்டது.

லீடர் கட்டுகிறவன் போன வருசம் கட்டாருக்குப் போனான். போகுமுதல் நாள் இரவு வீட்டில் ஆட்கள் நிறைந்திருக்க, பின் விறாந்தையில் இருந்து பன்னிரண்டு லீடர் கட்டினான். பழைய பாட்டாச் செருப்பை வெட்டின துண்டுகளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, பேனையால் நம்பர் போட்டான். “பன்னிரண்டும் முடியக்குள்ள நீங்களும் பழகியிருப்பீங்கள்” என்றான். நாங்கள் பழகவில்லை. அவன் கட்டினது இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டோம்.

பத்தாம் நம்பர் போன சனிக்கிழமை போனது. பாலத்துக்கு மேற்கே, கச்சான் காற்று கொஞ்சம் விட்டுக்கொடுத்த விடிய நேரம். பாரையா கட்டாவா தெரியாது, முகத்தைக் காட்டவில்லை. ஒரே ஓட்டம், அவ்வளவுதான். சுற்றி எடுத்தால் எட்டரை அடி லீடர் அப்படியே வந்தது. நுனியைப் படமெடுத்து அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். வேலை முடிந்து இரவுதான் பார்த்திருக்கிறான். மீன் எவ்வளவு பெரிசு என்று கேட்கவில்லை.

“அறுந்ததா, உருவினதா?”

சுருள் இல்லை, வெள்ளை பிடிக்கவில்லை, இறகுக்கு நாலு விரல் மேலே சட்டென்று அறுந்திருக்கிறது என்று எழுதினோம். படத்தைப் பெருப்பித்துப் பார்த்திருப்பான் போல, கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு குரல் பதிவு. பின்னால் ஏசி இரைகிற சத்தம். “சரி. மிச்சம் ரெண்டையும் எறியாமல் வைச்சுக்கொண்டு, அதைப் பார்த்துக் கட்டுங்கடா.”

இன்றைக்குப் பின்னேரம் 0.50உம் 0.40உம் வாங்கிவந்திருக்கிறோம். சப்பாத்து நாடாவையும் தேடி எடுத்தாயிற்று. சிவப்பு இருக்கிறது, வெள்ளையைக் காணவில்லை.